ஒற்றுமைக் கோயிலின் கல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகராகிய வாஷிங்டனின் நடுவே, பரந்த புல்வெளி ஒன்றின்மீது, வெண்ணிறக் கல்லால் ஆன கூர்நுனித் தூண் ஒன்று 555 அடி உயரத்திற்கு எழுந்து நிற்கின்றது. அந்நாட்டின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் நினைவாக எழுப்பப்பட்டது அது. ஊருக்குப் புதியவர் எவரும் அதன் உயரத்தைக் கண்டே முதலில் வியப்பர். சற்று நின்று நோக்கினால் வேறொன்றும் கண்ணில் படும். அடியிலிருந்து ஏறத்தாழ 150 அடி வரை கல்லுக்கு ஒரு நிறம். அதற்கு மேலே வேறொரு நிறம். சுவரின் கீழ்ப்பாதிக்கு ஓர் ஆண்டும் மேற்பாதிக்கு வேறோர் ஆண்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல் அந்த வேற்றுமை இன்றும் தெளிவாகத் தெரிகின்றது.

அதன் பின்னே நம் திருச்சபையோடு தொடர்புடைய கதையொன்று உண்டு. 1848-ஆம் ஆண்டு இத்தூணுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் உட்சுவரில் பதிப்பதற்கென உள்நாட்டு மாநிலங்களும் வெளிநாட்டு அரசுகளும் தத்தம் பெயரால் ஒவ்வொரு கல்லை அனுப்பின. திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதரும் ஒரு சலவைக்கல் அனுப்பினார். உரோமை நகரில் பாழடைந்து கிடந்த பண்டைக் கோயில் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட கல் அது. அக்கோயில் எதற்கென்று கட்டப்பட்டது தெரியுமா? ஒற்றுமையைத் தெய்வமாக்கி உரோமையர் வழிபட்ட கோயில் அது.

அந்நாளில் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த கத்தோலிக்கரின் தொகை பெருகிக்கொண்டிருந்தது. இவர்களைக் கொண்டு பாப்பரசர் அமெரிக்காவையே ஆள வந்துவிடுவார் என்றோர் அச்சம் பரவிற்று. அந்த அச்சத்திலிருந்து ஒரு கட்சி பிறந்தது. இரகசியச் சங்கமாகத் தொடங்கிய அதன் உறுப்பினரை எவரேனும் விசாரித்தால் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லிவிடுவார்கள். அதுவே அக்கட்சிக்குப் பெயராகவும் நிலைத்தது. 1844-லேயே பிலடெல்பியா நகரில் புனித மிக்கேல், புனித அகுஸ்தீனார் ஆலயங்கள் இரண்டும் கலகக்காரரால் எரிக்கப்பட்டிருந்தன. 1854-ஆம் ஆண்டு மார்ச் மாதத்து இரவொன்றில் சிலர் வந்தனர். நினைவுத்தூணின் காவற்காரரை அவரது குடிலுக்குள்ளேயே அடைத்துவிட்டுத் திருத்தந்தையின் கல்லைத் தூக்கிச் சென்றனர். உடைத்துப் போட்டோமாக் ஆற்றில் எறிந்துவிட்டார்கள் என்பது ஊரார் நம்பிக்கை. விரைவில் தூண் கட்டும் சங்கமே அக்கட்சியின் கைக்குப் போயிற்று; நன்கொடைகள் வற்றின; வேலை நின்றது. பின்னர் உள்நாட்டுப் போரும் வந்து போய், இருபது ஆண்டுகளுக்கு மேல் அத்தூண் ஒரு மொட்டைக் கம்பமாகவே நின்றது. மீண்டும் கட்டத் தொடங்கி 1884-ல் முடித்தபோது பழைய கல்லோடு நிறம் பொருந்தவில்லை. திருத்தந்தையின் கல்லுக்கு ஈடாக வேறொரு கல் 1982-ல்தான் உள்ளே வைக்கப்பட்டது.

இக்கதையைக் கேட்கும் கத்தோலிக்கர்க்கு மனம் நோகும். கூடவே ஒருவகை ஆறுதலும் உண்டாகும். எறிந்தவர்கள் ஒரு பக்கம், நம்மவர்கள் மறு பக்கம் என்று எளிதாகப் பிரித்துவிடலாமன்றோ? இன்று அந்நகரில் நிகழும் கட்சிப் பகையைப் பார்க்கும்போது அந்த ஆறுதல் கிடைப்பதில்லை. இப்போது நம்மவர்கள் இரு பக்கமும் நிற்கின்றனர்.

தூணிலிருந்து கிழக்கு நோக்கி ஏறத்தாழ ஒன்றரை மைல் நடந்தால் காபிடல் எனப்படும் நாடாளுமன்ற மாளிகை. 1864-ல் இயற்றிய சட்டப்படி ஒவ்வொரு மாநிலமும் தன் மக்களுள் சிறந்தோர் இருவரின் சிலைகளை இங்கே வைக்கலாம். அந்த வரிசையில் நமக்குத் தெரிந்த முகங்கள் பல. தொழுநோயாளர்க்குத் தொண்டாற்றித் தாமும் அந்நோயால் மாண்ட புனித தமியான் அடிகளார், நோயின் வடுக்களோடு கூடிய முகத்துடன் ஹவாய் மாநிலத்தின் பெயரால் நிற்கின்றார். கலிபோர்னியாவின் பெயரால் புனித ஜூனிப்பெரோ செர்ரா. வாஷிங்டன் மாநிலத்தின் பெயரால் ஜோசப் அன்னை என்னும் கன்னிகை, முழந்தாளிட்டுச் செபிக்கும் கோலத்தில். இயேசு சபைக் குருவாகிய மார்க்கெட் அடிகளின் சிலை 1896-ல் வந்தபோது, குருவின் அங்கியை நாடாளுமன்றத்துள் விடலாமா என்று எதிர்ப்புக் கிளம்பியதும் உண்டு. சிலை நிலைத்தது, எதிர்த்தவர்களின் சங்கம்தான் மறைந்தது.

பிரதிநிதிகள் சபை கூடும் மண்டபத்தில் 2015 செப்டம்பர் 24 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் உரையாற்றினார். இரு சபைகளின் கூட்டத்திலும் ஒரு திருத்தந்தை பேசியது அதுவே முதல் முறை. அவருக்குப் பின்னே இரு ஆசனங்கள். ஒன்றில் உபஜனாதிபதி ஜோ பைடன், ஜனநாயகக் கட்சியினர். மற்றதில் சபாநாயகர் ஜான் பெய்னர், குடியரசுக் கட்சியினர். இருவரும் கத்தோலிக்கர். உலகத்தை நல்லவர், தீயவர் என்று இரண்டே கூறாகப் பிரித்துப் பார்க்கும் சோதனைக்கு இடங்கொடாதீர்கள் என்று திருத்தந்தை அச்சபைக்கு அறிவுறுத்தினார். மனித உயிரை அதன் ஒவ்வொரு நிலையிலும் காக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் சபை எழுந்து கைதட்டிற்று. கருவிலுள்ள குழந்தையைப் பற்றியே பேசப்போகிறார் என எண்ணியவர்கள் அநேகர். அடுத்த வாக்கியத்தில் அவர் மரண தண்டனையை ஒழிக்க வேண்டும் என்றார். ஒரு கட்சிக்கு இனிப்பதும் மறு கட்சிக்குக் கசப்பதும் திருச்சபையின் வாயில் ஒரே மூச்சில் வருவதை அன்று அவர்கள் கேட்டனர். உரையின்போது பெய்னர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் தம் பதவியைத் துறப்பதாக அறிவித்தார். எதிர்க்கட்சி அவரை வீழ்த்தவில்லை. விட்டுக்கொடுத்துப் பேசுவதே துரோகம் என்று கருதிய தம் கட்சியினரின் நெருக்குதல்தான் அவரை அம்முடிவுக்குத் தள்ளிற்று.

ஐந்தாண்டுகள் சென்றபின், 2021 ஜனவரி 6 அன்று, அதே மாளிகையின் கதவுகளும் சன்னல்களும் உடைக்கப்பட்டன. பைடன் வென்ற தேர்தலின் வாக்குகளை எண்ணவிடாமல் தடுக்க, தோற்ற ஜனாதிபதி டொனால்டு டிரம்பின் ஆதரவாளர் கூட்டம் உள்ளே புகுந்தது. காவலர் ஏறத்தாழ 140 பேர் காயமுற்றனர். கூட்டத்தில் வந்த பெண்ணொருத்தி சுடப்பட்டு இறந்தாள். அன்று மூன்று இராசாக்கள் திருநாள். பின்னர் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2025 ஜனவரியில் மீண்டும் பதவியேற்ற அன்றே டிரம்ப் அவர்களுள் பெரும்பாலோர்க்கு மன்னிப்பு வழங்கினார். ஒரே நிகழ்ச்சியை ஒரு சாரார் கலகம் என்கின்றனர். மறுசாரார் தேசபக்தி என்கின்றனர். கண்ணால் கண்டதைப் பற்றியே இரண்டு நாடுகளாகப் பேசும் மக்களுக்கு வழக்காடுவதற்குக்கூடப் பொதுவான தரை இல்லாமற் போகின்றது.

காபிடலின் கிழக்கே, சாலைக்கு அப்பால், உச்சநீதி மன்றம். இதன் படிகளில் நிற்கும்போது எனக்கு நினைவு வந்தது, ஒரு பழைய புகைப்படம். நீதிபதி அன்டோனின் ஸ்கலியாவும் நீதிபதி ரூத் கின்ஸ்பர்க் அம்மையாரும் 1994-ல் நம் இராஜஸ்தானத்தில் ஒரே யானைமீது அமர்ந்திருக்கும் படம் அது. ஸ்கலியா ஒன்பது பிள்ளைகள் பெற்ற கத்தோலிக்கர், பழமை காப்பவர். கின்ஸ்பர்க் யூதர், புதுமை நாடுபவர். முக்கியமான வழக்குகளில் ஒருவர் தீர்ப்பை மற்றவர் கிழித்தெறிந்து எழுதுவார். ஆயினும் ஆண்டு இறுதி இரவைக் குடும்பங்களோடு சேர்ந்தே கழித்தனர். இசை நாடகங்களுக்குச் சேர்ந்தே சென்றனர். அம்மையார் யானையின் பின்புறத்தில் அமர்ந்ததேன் என்று பெண்ணுரிமைத் தோழியர் கேட்டபோது, எடையைச் சமன்செய்ய என்றாராம்.

அந்த நட்பு வாழ்ந்த காலத்தின் கணக்கைப் பாருங்கள். 1986-ல் செனட் சபை ஸ்கலியாவை 98 வாக்குகளால் ஏற்றது, எதிர்த்தவர் ஒருவருமில்லை. 1993-ல் கின்ஸ்பர்க்கை ஏற்றவர் 96, எதிர்த்தவர் 3. இருவரும் என்ன கொள்கையினர் என்பது அப்போதும் எல்லோர்க்கும் தெரியும். 2018-ல் பிரெட் கவனாவுக்குக் கிடைத்தவை 50-க்கு 48. 2020-ல் ஏமி பேரட் அம்மையார்க்கு 52-க்கு 48. இடைப்பட்ட காலத்தில் சட்டநூல் மாறவில்லை. 2016 பிப்ரவரியில் ஸ்கலியா இறந்த செய்தி வெளியான அன்றைக்கே, அவர் இடத்தைத் தேர்தல் முடியும்வரை நிரப்பவிடோம் என்று செனட் பெரும்பான்மைத் தலைவர் அறிவித்துவிட்டார். நம் ஊரில் பகையாளி வீட்டு இழவென்றாலும் பிணம் எடுக்கும்வரை வாய் திறவாத வழக்கம் உண்டு.

இப்பகை துப்பாக்கியாகவும் வெடிக்கின்றது. இங்கும் ஒரு கட்சியை மட்டும் சுட்டுவது முறையாகாது. 2017 ஜூன் 14 அன்று குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் பேஸ்பால் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, அக்கட்சியை வெறுத்த ஒருவன் சுட்டதில், கத்தோலிக்கராகிய ஸ்டீவ் ஸ்கலீஸ் உயிருக்குப் போராடினார். மறுநாள் இரு கட்சி ஆட்டக்காரரும் மைதானத்தின் நடுவே ஒன்றாக முழந்தாளிட்டுச் செபித்தபின்பே ஆட்டம் தொடங்கிற்று. சரியாக எட்டாண்டுகள் கழித்து, 2025 ஜூன் 14 அன்று, மினசோட்டா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் மெலிசா ஹார்ட்மன் அம்மையாரும் கணவரும் தம் வீட்டிலேயே, காவலர் உடையில் வந்தவனால் கொல்லப்பட்டனர். மினியாபொலிஸ் புனித மரியன்னை பேராலயத்தில் அவர்களுக்கு அடக்கத் திருப்பலி நடந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று யூட்டா மாநிலத்துப் பல்கலைக்கழகமொன்றில் மாணவரிடையே பேசிக்கொண்டிருந்த சார்லி கிர்க் சுடப்பட்டு மாண்டார். அவர் டிரம்பின் ஆதரவாளர். அவருடைய நினைவுக் கூட்டத்தில் இளம் விதவையான மனைவி, தம் கணவரைக் கொன்ற இளைஞனைத் தாம் மன்னிப்பதாகச் சொன்னார். அதே மேடையில் பின்னர்ப் பேசிய ஜனாதிபதி, தம் எதிரிகளைத் தாம் வெறுப்பதாகச் சொன்னார். மறுபக்கத்திலோ, அக்கொலையைக் கேட்டு மகிழ்ந்து எழுதியவர்களும் இருந்தனர். அந்த விதவையின் ஒரு வாக்கியத்தைத்தான் நான் அந்நாட்டிலிருந்து கொண்டுவர விரும்பினேன்.

இந்நிலை எவ்வாறு வந்தது? முன்னாளில் இரு கட்சிகளிலும் பழமை காப்போரும் புதுமை நாடுவோரும் கலந்தே இருந்தனர். கறுப்பின மக்களுக்குச் சமவுரிமை அளித்த 1964-ஆம் ஆண்டுச் சட்டம் இரு கட்சியினரின் வாக்குகளாலும் நிறைவேறியது. அதன்பின் தென் மாநிலத்து வெள்ளையர் ஒரு கட்சியை விட்டு மறு கட்சிக்குப் பெயர்ந்தனர். கருச்சிதைவை உரிமையாக்கிய 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பு மக்களின் மனச்சாட்சியையே இரு முகாம்களாக்கிற்று. அத்தீர்ப்பு 2022-ல் நீக்கப்பட்டபின்னும் முகாம்கள் கலையவில்லை. வானொலியும் தொலைக்காட்சியும் சர்ச்சைக்குரியவற்றில் இரு தரப்பையும் கூற வேண்டுமென்ற விதி 1987-ல் கைவிடப்பட்டது. கேட்க விரும்புவதை மட்டுமே கேட்கலாம் என்ற வசதி வந்தது. இன்று கைப்பேசி அதனைப் படுக்கையறை வரை கொண்டுவந்துவிட்டது. இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. முன்பு உறுப்பினர்கள் குடும்பத்தோடு வாஷிங்டனிலேயே குடியிருந்தனர். ஒருவர் பிள்ளையும் மற்றவர் பிள்ளையும் ஒரே பள்ளியில் படித்தனர். மனைவியர் ஒரே பங்கில் பூசை கண்டனர். 1990-களுக்குப்பின் வாரத்தில் மூன்று நாள் வந்து வாக்களித்துவிட்டு விமானம் ஏறுவதே வழக்கமாயிற்று. எதிர்க்கட்சிக்காரரின் மனைவி நோயுற்றிருக்கிறாள் என்று அறிந்தவனுக்கு அவரை மேடையில் ஏசுவது எளிதன்று.

குடும்பங்களுக்குள் இது எவ்வளவு தூரம் சென்றுள்ளது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. மாற்றுக் கட்சிக் குடும்பத்தில் உங்கள் பிள்ளை மணம் செய்தால் வருந்துவீர்களா என்று 1960-ல் கேட்டபோது, ஆம் என்றவர் இரு கட்சியிலும் நூற்றுக்கு ஐவர் அளவே. 2010-ல் குடியரசுக் கட்சியினரில் ஏறத்தாழப் பாதிப்பேரும் ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவரும் ஆம் என்றனர். சாதி பார்த்துச் சம்பந்தம் செய்யும் நமக்கு இது விளங்காத செய்தியன்று.

நகரின் மேற்குப் பகுதியில், அரசு ஊழியரின் பாதுகாவலராகிய புனித மத்தேயுவின் பெயரால் அமைந்த மறைமாவட்டத் தலைமை ஆலயம் உள்ளது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணச் செங்கல் கட்டிடம். பீடத்தருகே தரையில் ஒரு சலவைக்கல் பதித்திருக்கின்றது. 1963 நவம்பர் 25 அன்று ஜனாதிபதி கென்னடியின் பிரேதப் பெட்டி வைக்கப்பட்ட இடம் அது. முதற் கத்தோலிக்க ஜனாதிபதியாகிய அவருக்கு 1960-ல் கத்தோலிக்கரில் நான்கில் மூவருக்கு மேல் வாக்களித்தனர். இரண்டாம் கத்தோலிக்க ஜனாதிபதியாகிய பைடனுக்கு 2020-ல் ஏறத்தாழப் பாதிப்பேரே வாக்களித்தனர்.

மாளிகை தாக்கப்பட்ட இரண்டு வாரங்களில், 2021 ஜனவரி 20 காலை, பதவியேற்குமுன் பைடன் இந்த ஆலயத்துக்குத் திருப்பலி காண வந்தார். இரு கட்சித் தலைவர்களையும் அழைத்திருந்தார். செனட் சபையின் மெக்கானல், ஷூமர், பிரதிநிதிகள் சபையின் பெலோசி அம்மையார், மெக்கார்த்தி ஆகிய நால்வரும் வந்தனர். அந்நாள்களில் அவர்கள் ஒரு மேசையில் அமர்ந்து பேசுவதே அரிது. ஒரே கூரையின்கீழ் ஒரே வாசகத்தை ஒரு மணி நேரம் கேட்டனர். அதனால் என்ன விளைந்தது என்று கேட்பவர்க்கு, அரசியலில் ஒன்றும் விளையவில்லை என்றே சொல்ல வேண்டும்.

திருச்சபைக்குள்ளும் வேதனை புகுந்தது. கருச்சிதைவை ஆதரிக்கும் கத்தோலிக்கத் தலைவர்களுக்கு நற்கருணை வழங்கலாமா என்னும் கேள்வியில் ஆயர்களே வேறுபட்டனர். வாஷிங்டன் பேராயர் கர்தினால் கிரெகரி, பைடனுக்கு மறுப்பதில்லை என்றார். சான்பிரான்சிஸ்கோ பேராயர் 2022-ல் பெலோசி அம்மையார்க்கு மறுத்தார். இருவரும் மனச்சாட்சிப்படி நடந்த மேய்ப்பர்களே. ஆயினும் பந்தியில் பங்குபெறுவது பற்றிய இக்கேள்வியைப் பத்திரிகைகள் தேர்தல் செய்தியாகவே எழுதின. நாடு கடத்தப்படும் குடியேறிகளுக்காக ஆயர்கள் 2025-ல் குரல் எழுப்பியபோது, நேற்றுவரை அவர்களைப் புகழ்ந்தவர்கள் முகஞ்சுளித்தனர்; நேற்றுவரை முகஞ்சுளித்தவர்கள் புகழ்ந்தனர். 2025 மே 8 அன்று அந்நாட்டு மைந்தர் ஒருவர் திருத்தந்தை பதினான்காம் லியோவாகத் தேர்வு பெற்றார். நம் பாட்டிமார் இருந்தால் சிங்கராயர் என்றே அழைத்திருப்பர். வெண்புகை அடங்கிச் சில நாள்களுக்குள், அவர் எந்தக் கட்சியின் உட்தேர்தலில் வாக்களித்தார் என்று இல்லினாய் மாநிலத்து வாக்காளர் பதிவேட்டைப் புரட்டிச் செய்தி வெளியிட்டார்கள். அவர் பெருவில் ஏழைகளிடையே எத்தனை ஆண்டு உழைத்தார் என்பது அடுத்த கேள்வி.

நகரின் வடகிழக்கில் நீலக் குவிமாடத்துடன் எழுந்து நிற்கின்றது அமலோற்பவ அன்னையின் தேசியத் திருத்தலம். வட அமெரிக்காவிலேயே பெரிய கத்தோலிக்க ஆலயம். ஸ்கலியாவின் அடக்கத் திருப்பலியை அவர் மகனாகிய குருவே நிறைவேற்றியது இங்கேதான்; கின்ஸ்பர்க் அம்மையாரும் வந்திருந்தார். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் தத்தம் ஊர் மாதாவுக்கு இங்கே ஒரு சிற்றாலயம் அமைத்திருக்கின்றனர். அயர்லாந்து, போலந்து, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் என்று பார்த்துக்கொண்டே நடந்தால், நம் வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னை! 1997-ல் அர்ச்சிக்கப்பட்ட இடம். ஏறத்தாழப் பதினான்காயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அந்தப் பெயரைக் கண்டவுடன் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன.

அங்கே செபமாலை சொல்லிக்கொண்டிருந்த தமிழ் முதியவர் ஒருவரோடு பேசும் வாய்ப்புக் கிடைத்தது. நாகப்பட்டினத்துக்காரர், நாற்பதாண்டுகளாக அண்டை மாநிலமாகிய மேரிலாந்தில் வாழ்பவர். மகன் ஒரு கட்சி, மகள் மற்றொன்று. மகனுக்குக் கருவிலுள்ள குழந்தையின் உயிர் பெரிது. மகளுக்கு எல்லையில் பிரிக்கப்பட்ட குழந்தையின் அழுகை பெரிது. "இரண்டையும் மறைக்கல்வியில் நான்தான் கற்றுக்கொடுத்தேன். ஒருவன் ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டான், ஒருத்தி மற்றதைப் பிடித்துக்கொண்டாள்" என்றார். நவம்பர் மாதத்து நன்றி நாள் விருந்துக்கு இருவரும் ஒன்றாக வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றனவாம். முன்பு சண்டையிட்டார்கள், இப்போது அதுவும் இல்லை என்று அவர் சொன்னபோது, சண்டை இருந்த காலத்தை அவர் ஏக்கத்தோடு நினைப்பதாகவே தோன்றிற்று.

ஒரேயொரு நாளுக்கு மட்டும் விலக்கு உண்டு. செப்டம்பரில் இந்தியக் கத்தோலிக்கர் இந்தத் திருத்தலத்துக்கு ஆண்டுதோறும் யாத்திரை வருகின்றனர். அதற்கு இருவரும் வந்தாக வேண்டும் என்பது தாயின் கட்டளை. அவரால் இப்போது நடக்க இயலாது. சக்கர நாற்காலியின் இரு பிடிகளில் ஒன்றை மகனும் மற்றதை மகளும் பிடித்துத் தள்ள வேண்டுமாம். பேசிக்கொள்வார்களா என்று கேட்டேன். "பாட்டுப் பாடுவார்கள். சின்ன வயதில் கற்ற மாதா பாட்டு இருவருக்கும் மனப்பாடம்" என்றார்.

வரும்போது மகன் காரில் வரும் அந்தத் தாய், திரும்பும்போது மகள் காரில்தான் ஏறுவாராம். அந்த ஒழுங்கில் இதுவரை ஓராண்டும் மாற்றம் இல்லை என்று கூறிவிட்டு, முதியவர் விட்ட இடத்திலிருந்து செபமாலையைத் தொடர்ந்தார்.